நீலம் தடவிய சட்டங்கள்

லாரியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் இறங்கியது தலைவரின் நாற்காலி. அதற்குப் பிறகுதான் தேனீப் பெட்டிகள்.

சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி. ஆனாலும் வெயில் படாமல், கால் ஆடாமல், காற்று வரும் பக்கம் பார்த்து அதைப் போட வேண்டும். மேஸ்திரி அதை இரண்டு தடவை நகர்த்தி, தோளில் கிடந்த துண்டால் உட்காரும் இடத்தைத் துடைத்தும் வைத்தான். அதற்குள் பெட்டிகளை இறக்கும் வேலை அவன் மனைவி தலையில் விழுந்திருந்தது. லாரியின் மேலே நின்று அவளுடைய தம்பி பெட்டிகளை நகர்த்திக் கொடுத்தான். லாரியை ஓட்டி வந்ததும் அவன்தான்.

"மாமா அந்த நாற்காலிக்கு ஒரு மாலையும் போட்டுட்டா வேலை முடிஞ்சிடும்கா," என்றான் டிரைவர்.

"கேட்டுடப் போறாரு. பெட்டியைச் சாய்க்காம இறக்கு."

அவளை எல்லோரும் ஆணியக்கா என்று கூப்பிட்டார்கள். தேனீப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டங்களை அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு சட்டத்துக்கு ஒரு தேனடை. ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே அடிப்பாள். வாயில் ஆணி இல்லாத நேரத்திலும் பேச்சு கொஞ்சம் குத்தும் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அவர்கள் இறங்கியிருந்தது சோதனைச் சாவடியை ஒட்டிய சரளைக்கல் மைதானம். மேலே மலைச்சரிவில் பழத்தோட்டங்கள் பூத்திருந்தன. பூ காயாக வேண்டுமானால் தேனீ வேண்டும். தேனீ மேலே போக வேண்டுமானால் ஆய்வாளர் பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சமவெளித் தேனீக்களிடம் ஒரு வைரஸ், கடற்கரைப் பக்கத்துத் தேனீக்களிடம் வேறொன்று. ஒரு பக்கத்து நோய் இன்னொரு பக்கம் போய்விடக் கூடாது. சாவடிச் சுவரில் அதற்கென்று ஒரு வரைபடம், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். தலைவர் ஒவ்வொரு பருவத்திலும் அதன் முன்னால் கைகட்டி நின்று, "எவ்வளவு பெரிய சேவை சார் இது," என்பார். பிறகு எங்கே எது பூக்கிறதோ அங்கே, அதில் இருந்த எல்லா நிறங்கள் வழியாகவும் தன் லாரியை அனுப்புவார்.

தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று சங்கத்துக்கே தெரியாது.

லாரியில் வந்ததில் பன்னிரண்டு பெட்டிகள் ஆணியக்காவுடையவை. தலைவர் உடைசல் என்று தூக்கிப் போட்ட பெட்டிகளை அவள் எடுத்து வந்து, பலகை மாற்றி, மரக்கிளைகளில் வந்து தொங்கிய கூட்டங்களைப் பிடித்துக் குடி வைத்தாள். அவள் சட்டம் அடிக்கும் மரக்கடையின் பின்பக்கம் வேலியோரமாக அவை இத்தனை காலம் இருந்தன. எந்த லாரியிலும் ஏறியதில்லை, எந்த ஊரையும் பார்த்ததில்லை. தன் சட்டங்களின் மேல்கட்டையில் ஒரு விரல் அகலத்துக்கு நீலப் பெயின்ட் தடவியிருந்தாள். மற்ற சட்டங்களோடு கலந்துவிடாமல் இருக்க.

இந்தத் தடவை அவளையும் பெட்டிகளை ஏற்றச் சொன்னது தலைவர்தான். போன பருவத்தில் சமவெளிச் சூரியகாந்திக் காடுகளுக்குப் போய்த் திரும்பியதிலிருந்து அவருடைய பெட்டிகளில் பாதி இளைத்துக் கிடந்தன. சிறகு சுருண்ட தேனீக்கள் வாசலில் வந்து விழுந்து, பறக்க முடியாமல் தரையில் ஊர்ந்து செத்தன. தோட்டக்காரருக்குச் சொன்ன எண்ணிக்கையோ குறையக் கூடாது.

"உன் பெட்டியையும் போடும்மா," என்றார் அன்றைக்கு, வாயெல்லாம் தேனாக. "பாஸாச்சுன்னா உன் பேர்லயே அனுமதி அட்டை குடுப்பாங்க. அப்புறம் நீயும் ஒரு ஆளு. என்னை மாதிரி."

அவரை மாதிரி ஆக அவளுக்கு ஆசை இல்லை. அட்டை கையில் இருந்தால் தோட்டக்காரர்கள் அவளிடம் நேராகப் பேசுவார்கள். அவளும் புருஷனும் யார் நாற்காலியையும் இறக்கி வைக்க வேண்டியதில்லை. அது போதும் அவளுக்கு.

பெட்டிகளை வரிசை கட்டி முடித்ததும் தலைவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் சமமாக்கிடு. முன்வரிசை பாக்க லட்சணமா இருக்கணும்."

சமமாக்குவது அவர்களிடம் காலங்காலமாக இருந்த வேலைமுறை. கொழுத்த பெட்டியிலிருந்து தேனீக் குஞ்சுப் புழு நிறைந்த இரண்டு சட்டங்களை உருவி இளைத்த பெட்டியில் வைப்பது. இளைத்ததன் சட்டங்களைக் கொழுத்ததில் செருகுவது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி தெரியும். சட்டத்தோடு உண்ணியும் போகும், உண்ணியோடு நோயும் போகும். தலைவரின் ஒரு பெட்டியில் வந்த சீக்கு எல்லாப் பெட்டிக்கும் போனதும் இந்தக் கைங்கரியத்தால்தான்.

"நம்ம பெட்டியில கை வைக்காதீங்க," என்றாள் ஆணியக்கா புருஷனிடம், தனியாக.

"சேச்சே. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா சரி."

அவளும் தம்பியும் தண்ணீர் பிடிக்கக் குடங்களோடு சாவடியின் பின்பக்கம் போனார்கள். குழாயில் நீர் நூல் மாதிரி வந்தது. திரும்பி வந்தபோது மேஸ்திரி வேலையை முடித்து, தேனீக்களை அடக்கும் புகைப்பானைக் கவிழ்த்துவிட்டு, தலைவரின் காலடியில் உட்கார்ந்து அவர் சொல்லிய ஏதோ ஒரு பழைய நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

காலையில் அவள்தான் முதலில் எழுந்தாள். முகம் கழுவும் முன் தன் பெட்டிகளைப் பார்க்கப் போனாள். நல்ல வெயில். தேனீக்கள் சரமாகப் பறந்து போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது பெட்டியின் வாசல் பலகையில் ஒரு தேனீ மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றியது. குனிந்து பார்த்தாள். சிறகு இருக்க வேண்டிய இடத்தில் எரிந்த நூல் போல இரண்டு சுருள்கள். அதன் பின்னால் இன்னொன்று ஊர்ந்து வந்து, பலகையின் விளிம்பிலிருந்து கீழே விழுந்தது.

மூடியைத் தூக்கினாள். வரிசையாகத் தொங்கிய சட்டங்களின் நடுவே இரண்டு சட்டங்களில் நீலம் இல்லை. அடுத்த பெட்டியிலும் இரண்டு. அதற்கடுத்ததில் மூன்று. நீலம் இல்லாத ஒரு சட்டத்தை உருவினாள். அடை கறுத்து, புழுக்கள் அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்தன. ஒரு தேனீயின் முதுகில் உண்ணி செம்புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி பல் குச்சியோடு வந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் குச்சியை வாயிலிருந்து எடுத்தான்.

"ஆய்வு முடிஞ்ச உடனே திருப்பி வச்சிடுவேன்டீ. ஒரு காலைப் பொழுதுதானே."

"கை வைக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"நான் வைக்கணும்னு வைக்கல. தலைவர் கூப்பிட்டாரு. 'உன் சம்சாரம் பெட்டி நல்லா கொழுத்திருக்கு மேஸ்திரி, நமக்கு ஒரு கை குடுக்கக் கூடாதா'ன்னாரு. இத்தனை வருஷத்துல முதல் தடவையா தோள் மேல கை போட்டுப் பேசினாரு. நான் என்னன்னு சொல்றது?"

"கையை எடுங்கன்னு சொல்றது."

"அவர் இல்லாம நமக்கு ஏது..."

"தோள் மேல கை போட்டாருன்னு பன்னெண்டு பெட்டியைக் குடுத்துட்டு வந்தீங்களா? முதுகையும் தட்டியிருந்தா என்னையும் குடுத்திருப்பீங்க."

அவன் பதில் சொல்வதற்குள் ஆய்வாளரின் ஜீப் மைதானத்துக்குள் திரும்பியது. தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜீப் நிற்பதற்கு முன்பே கும்பிடு போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்.

ஆய்வாளர் இறங்கும்போதே தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு போட்டிருந்தார். முகத்தில் வலை, கையில் இரண்டு ஜோடி உறை. ஒரு ஈ பக்கத்தில் வந்தாலும் தோளைக் குலுக்கினார். தேனீக்களின் நலனுக்காக அரசாங்கம் நியமித்த ஆள் அவர். பெட்டிகளிலிருந்து பத்தடி தள்ளி நின்றபடி, "எல்லாம் ஆரோக்கியமா இருக்கா?" என்று தேனீக்களைக் கேட்பது போலக் கேட்டார்.

"நீங்களே பாருங்க சார்," என்றார் தலைவர். "நம்ம முன்வரிசையிலேருந்து ஆரம்பிக்கலாம்."

மேஸ்திரி மூடியைத் தூக்கிப் பிடித்தான். ஆய்வாளர் எட்டிப் பார்த்து, பேனா முனையால் ஒரு சட்டத்தைத் தொட்டு, தலையாட்டினார். அடுத்ததற்கும் அப்படியே. நான்கு பெட்டிகளில் அவருக்குத் திருப்தி வந்துவிட்டது. தலைவரின் பெட்டிகள் முடிந்தன. பின்வரிசைகள் திறக்கப்படவே இல்லை.

ஆணியக்காவின் பெட்டிப் பக்கம் வந்தபோது ஆய்வாளரின் பூட்ஸ் அருகே ஒரு தேனீ ஊர்ந்தது. அவர் குனிந்தார். இடுக்கியால் அதைப் பிடித்து ஒரு சின்னக் குப்பியில் போட்டு வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சுறுசுறுப்பு தெரிந்தது.

"இது சிறகு சுருங்கற வைரஸ். சமவெளிப் பக்கம் இருக்கறது. இது மேல போகவே கூடாது. யாரோட பெட்டிங்க இது?"

"என்னோடது சார்," என்றாள் ஆணியக்கா. "ஆனா அந்தச் சட்டம் என்னோடது இல்ல. என் சட்டத்துல நீலம் தடவியிருக்கும். இதோ பாருங்க, இது நீலம். இது இல்ல. இது இல்ல. ராத்திரிக்குள்ள மாத்தி வச்சிருக்காங்க. என் சட்டமெல்லாம் எங்க இருக்குன்னு அவர் பெட்டியைத் திறந்து பாருங்க. முன்வரிசை. நீங்க இப்பப் பார்த்து நல்லாருக்குன்னு சொன்னது என் சட்டம்."

ஆய்வாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தாராளமாகக் கையை நீட்டி வழிவிட்டார். டிரைவரே போய் முன்வரிசைப் பெட்டியின் மூடியை எடுத்தான். பத்தடி தள்ளி நின்ற ஆய்வாளர் கண்ணுக்கே தெரிந்தது. பழுப்புக் கட்டைகளுக்கு நடுவே மூன்று நீலக் கட்டைகள். அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு.

ஆணியக்காவுக்கு மூச்சு சீராக வந்தது. கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்க்க இந்த ஆளுக்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தாள்.

ஆய்வாளர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யோசித்து முடித்து, "அப்போ உங்க பெட்டியிலேருந்துதான் அவர் பெட்டிக்குப் போயிருக்கு," என்றார்.

"என்ன சார்?"

"நோய் உங்க பெட்டியில. உங்க சட்டம் அவர் பெட்டியில. எப்படிப் பரவுதுன்னு தெளிவாத்தானே இருக்கு."

"என் சட்டத்துல நோய் இல்ல சார். அவர் சட்டம் என் பெட்டிக்கு வந்ததாலதான்..."

"அய்யய்யோ," என்றார் தலைவர். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என் பெட்டிக்குள்ள இவங்க சட்டமா? மேஸ்திரி, யார் வச்சது? நீயா?"

மேஸ்திரி மனைவியைப் பார்க்கவில்லை. "நான்தாங்க."

"யார் வைக்கச் சொன்னது?" ஆணியக்கா கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "சொல்லுங்க. யார் சொன்னாங்கன்னு சாரு கிட்ட சொல்லுங்க."

தலைவர் மெதுவாக நடந்து வந்து மேஸ்திரியின் தோளில் கையை வைத்தார்.

"பயப்படாம சொல்லுப்பா. உண்மையைச் சொல்லு."

"யாரும் சொல்லலீங்க," என்றான் மேஸ்திரி. "நானாத்தான் வச்சேன்."

"அடத் தூ," என்றான் டிரைவர். லாரியின் சக்கரத்தைப் பார்த்துத் துப்பியதாக வைத்துக்கொள்ளலாம்.

தலைவர் பெருமூச்சு விட்டார். பாவம், தெரியாமல் செய்துவிட்டான், ஏழை, பிழைத்துப் போகட்டும், போலீஸ் அது இது என்று எதுவும் வேண்டாம் என்று ஆய்வாளரிடம் மன்றாடினார். ஆய்வாளருக்கே கொஞ்சம் மனம் இளகியது. எழுத வேண்டியதைச் சுருக்கமாக எழுதினார். ஆணியக்காவின் முழுப் பெயரை, தகப்பன் பெயரோடு, எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். நோயின் தோற்றுவாய் என்ற இடத்தில் அந்தப் பெயர் போனது. தலைவரின் பெட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டும், அதுதான் விதி.

"ஆனா மேல பூ நிக்காதே சார்," என்றார் தலைவர்.

"அதுவும் சரிதான்," என்றார் ஆய்வாளர். கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு பெட்டிகளையும் எரித்துவிட வேண்டும். இந்த வைரஸுக்கு மருந்து கிடையாது.

"இப்பவே முடிச்சிடலாம் சார். நோயைப் பக்கத்துல வச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் இருக்கலாமா?" என்றார் தலைவர்.

நடுப்பகல். பெட்டியை விட்டு மேயப் போன தேனீக்கள் பெரும்பாலும் திரும்பியிருக்கவில்லை. பெட்டியை எரிப்பதானால் எல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் எரிக்க வேண்டும். அது தலைவருக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியும். லாரி ஓட்டுகிற டிரைவருக்கே தெரியும். ஆய்வாளருக்குப் பசித்தது. "சரி, சீக்கிரம்," என்றார்.

சரளைக்கல்லைத் தள்ளிக் குழி எடுத்தார்கள். மேஸ்திரி பெட்டிகளை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றி, தீப்பெட்டியை எடுத்தான். ஆணியக்கா அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"நீ தொடாத," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் ஏதோ சொல்ல வந்து, தலைவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் தோன்றியது. அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. குச்சியைக் கிழித்துப் போட்டாள்.

மெழுகு உருகி எண்ணெயாக ஓடியது. ராணிகளும் புழுக்களும், பெட்டியை விட்டு வெளியே போகும் வயது வராத இளம் தேனீக்களும் அதிலேயே போயின. நீலப் பெயின்ட் கொப்புளித்துக் கறுத்தது. ஆய்வாளர் எரிந்து முடியும்வரை நிற்கவில்லை. நான்கு பெட்டியில் தீப் பிடித்ததும் ஜீப்பில் ஏறிவிட்டார். தலைவர் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"கிளம்ப வேண்டியதுதானே," என்றான் டிரைவர் பிற்பகலில். கையெழுத்து கிடைத்துவிட்டது, பெட்டிகளை ஏற்றலாம், வெளிச்சம் இருக்கும்போதே மலை ஏறிவிடலாம்.

"என்ன அவசரம்," என்றார் தலைவர் கண்ணைத் திறக்காமல்.

பொழுது சாயத் தொடங்கியதும் அவை திரும்பி வந்தன. கால்களில் மஞ்சள் மகரந்தம் அப்பிக்கொண்டு, வயிறு நிறையத் தேனைச் சுமந்துகொண்டு, காலையில் போன வழியிலேயே வந்தன. சாம்பல் குழிக்குப் பக்கத்தில், பெட்டிகள் இருந்த இடத்தில், வாசல் இருந்த அதே உயரத்தில், காற்றில் நின்று சுற்றின. கொஞ்சம் மேலே போய் மறுபடி இறங்கின. இடம் சரிதான். வீடு இல்லை. சிறிது நேரத்தில் அந்த இடத்தில் ஒரு கரும்புகை போல அவை திரண்டு நின்றன.

முதலில் ஒன்று வழி மாறித் தலைவரின் கடைசிப் பெட்டி வாசலில் இறங்கியது. காவல் தேனீக்கள் அதை முகர்ந்து பார்த்தன. வெறுங்கையோடு வந்திருந்தால் கொட்டித் துரத்தியிருக்கும். இது சுமையோடு வந்திருந்தது. உள்ளே விட்டன. அதன் பின்னால் இன்னும் சில. பிறகு கொத்துக் கொத்தாக, பக்கத்துப் பெட்டிக்கும் அதற்கடுத்ததற்கும்.

இளைத்துக் கிடந்த பெட்டிகளின் வாசல்கள் ஜேஜே என்று ஆயின.

ஆணியக்கா குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி வந்து பக்கத்தில் குந்தினான்.

"இதுக்காகத்தான் மத்தியானமே கொளுத்த வச்சானாக்கா?"

ஆமென்று தலையசைத்தாள்.

"இதுங்களும் அந்தச் சட்டத்து மேல எல்லாம் நடந்திருக்கும்ல? அவன் பெட்டிலயும் ஏற்கெனவே இருக்கு. மேல மத்தவங்க வச்சிருக்கற பெட்டிங்களுக்கெல்லாம் போயிடாது?"

"போகும்."

"அப்புறம்?"

"என் பேர்ல போகும்," என்றாள். "அதான் எழுதிட்டுப் போயிட்டானே."

மேஸ்திரி வாசல்களை அடைக்கக் கம்பி வலைத் துண்டுகளை எடுத்துக்கொண்டு வரிசையின் முனைக்கு வந்தான். மனைவி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"அடைச்சிடவா தலைவரே?"

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சாம்பல் குழிப் பக்கம் பார்த்தார்.

"பொறுப்பா. அங்க இன்னும் நாலு சுத்துது பாரு. எல்லாம் உள்ள வரட்டும்."

மேஸ்திரி வலையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நான்கும் வருவதற்காக நின்றான்.